கொலராடோ ஸ்பிரிங்ஸ்: கூப்பிட்டு வரவழைத்த ஊழியங்களின் நகரம்

அமெரிக்கத் தபால் துறையில் 80995 என்று ஓர் அஞ்சல் குறியீடு உண்டு. அந்த எண்ணுக்குள் ஒரு குடியிருப்பு கிடையாது, ஒரு கடைத்தெரு கிடையாது. ஒரே ஓர் அமைப்புக்கு வந்து குவிந்த கடிதங்களுக்காகவே ஒதுக்கிய எண் அது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் 'ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி' என்ற குடும்ப ஊழியம், அதாவது குடும்பங்களுக்கான கிறிஸ்தவச் சேவை நிறுவனம்தான் அந்த அமைப்பு. 1991-க்கு முன்னால் அது அந்த ஊரிலேயே இல்லை; கலிஃபோர்னியாவின் பமோனாவில் இருந்தது.

இந்த ஒரு ஊழியம் மட்டும் இடம் மாறியிருந்தால் பேச ஒன்றுமில்லை. 1980-களின் கடைசியிலிருந்து ஏழெட்டு ஆண்டுகளுக்குள், வேதாகமத்தையும் மனம் திரும்புதலையும் முன்னிறுத்தும் சுவிசேஷக் கிறிஸ்தவ அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைமையகத்தை மூட்டை கட்டிக்கொண்டு இந்த மலையடிவார ஊருக்கு வந்து இறங்கின. எத்தனை என்று கேட்டால் எண்ணுபவரைப் பொறுத்து எண்பது என்பார்கள், நூறுக்கும் மேல் என்பார்கள். 'சுவிசேஷக்காரர்களின் வாடிகன்' என்ற பெயர் அப்போது ஒட்டியதுதான். ஒரு நகரம் எப்படி ஒரு நம்பிக்கையின் மையமாகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம், ஏனென்றால் இங்கே எல்லாமே கண்ணெதிரே, ஆவணங்களோடு நடந்தது.

பெரிய எழுப்புதல் ஒன்று வந்திருக்கும், ஜெபக் கூட்டங்கள் இரவு பகலாக நடந்திருக்கும், ஊரே மனம் திரும்பியிருக்கும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சபைகளில் பெயர் பதிந்திருப்பவர்களின் விகிதத்தைப் பார்த்தால் இந்த வட்டாரம் அமெரிக்கச் சராசரிக்குக் கீழேதான் இருந்துவந்திருக்கிறது. மலைநாட்டு மேற்கு மாநிலங்களின் பொதுவான குணம் அது. தெற்கு மாநிலங்களின் பல சிற்றூர்களில் இதைவிட அதிகம் பேர் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸில் வந்து குவிந்தது அலுவலகங்கள். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் மற்றதெல்லாம் தப்பாகவே புரியும்.

கூப்பிடும் பழக்கம்

1871-இல் இந்த ஊரை உருவாக்கியவர் ஜெனரல் வில்லியம் ஜாக்சன் பாமர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, உள்நாட்டுப் போரில் படை நடத்தி, பிறகு ரயில்பாதை போட வந்தவர். தன்னுடைய டென்வர்–ரியோ கிராண்டே ரயில் பாதையில், பைக்ஸ் பீக் சிகரத்தின் கீழே, ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் ஒரு கண்ணியமான ஊர் வேண்டும் என்று ஆசைப்பட்டார். மனை விற்ற பத்திரங்களிலேயே மது விற்கக் கூடாது என்று நிபந்தனை எழுதினார். மீறினால் மனை கைவிட்டுப் போகும். சபைகளுக்கும் கல்லூரிக்கும் நிலம் கொடுத்தார். இதை வைத்து, ஊரின் பக்தி அன்றைக்கே விதைக்கப்பட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாமர் விட்டுப்போன முக்கியமான சொத்து வேறு: வெளியிலிருந்து ஆட்களையும் நிறுவனங்களையும் கூப்பிட்டு, நிலத்தைக் காட்டி, குடியமர்த்தும் பழக்கம்.

முதலில் காசநோயாளிகளைக் கூப்பிட்டார்கள். உலர்ந்த காற்று, ஆண்டு முழுக்க வெயில் என்று விளம்பரம் செய்தார்கள், சானடோரியங்கள் எழுந்தன. அடுத்து ராணுவம். 1942-இல் நகரமே தெற்கே ஒரு பண்ணை நிலத்தை விலைக்கு வாங்கி ராணுவத்துக்கு இனாமாகக் கொடுத்தது. அங்கே வந்த முகாம்தான் இன்றைய ஃபோர்ட் கார்சன். 1954-இல் விமானப்படை அகாடமிக்கு இடம் தேடியபோது, நிலம் வாங்க கொலராடோ மாநிலம் 10 லட்சம் டாலர் தர முன்வந்தது. அகாடமி வந்தது. செயென் மலையைக் குடைந்து வடஅமெரிக்க வான் பாதுகாப்புக் கட்டளை மையமும் வந்தது. 1978-இல் அமெரிக்க ஒலிம்பிக் குழுவை நியூயார்க்கிலிருந்து இழுத்து வந்து, காலியாகக் கிடந்த பழைய விமானப்படைத் தளத்தில் உட்கார வைத்தார்கள்.

இதையெல்லாம் ஏன் வரிசையாகச் சொல்கிறேன் என்றால், 1980-களின் இறுதியில் ஊழியங்களைத் தேடிப் போனவர்களுக்கு அது புது வேலையே அல்ல. நோயாளியையும் சிப்பாயையும் ஓட்டப்பந்தய வீரரையும் கூப்பிட்ட அதே கை, அதே முறையில், இப்போது போதகரைக் கூப்பிட்டது.

கோட்டைக்கு வந்தவர்கள்

கூப்பிடாமல் தானாக வந்தவர்களும் உண்டு. அவர்கள் முன்னோடிகள். உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடையே வேலை செய்யும் 'யங் லைஃப்' 1940-களிலேயே இங்கே ஒரு முகாம் வாங்கியது. அதைவிட முக்கியமானது 1953-இல் நடந்தது. பாமர் தனக்காகக் கட்டிக்கொண்ட கிளென் ஐரி மாளிகை விலைக்கு வந்தது. செம்பாறைகள் செங்குத்தாக நிற்கும் பள்ளத்தாக்கு, நடுவே இங்கிலாந்துக் கோட்டையைப் போலக் கல்லில் எழுப்பிய 67 அறைக் கட்டடம். புகழ்பெற்ற சுவிசேஷப் பிரசங்கியார் பில்லி கிரஹாம் முதலில் அதைப் பார்வையிட்டார். கடைசியில் அவருடைய நண்பர் டாசன் டிராட்மேனின் 'நேவிகேட்டர்ஸ்' அமைப்பு ஆதரவாளர்களிடம் பணம் திரட்டி வாங்கியது.

டிராட்மேன் 1933-இல் கலிஃபோர்னியாவில் கடற்படை வீரர்களிடம் ஊழியம் தொடங்கியவர். ஒருவர் ஒருவரைப் பயிற்றுவிப்பது, வேத வசனங்களை மனப்பாடம் செய்வது, கற்றவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பது என்பதுதான் அவருடைய முறை. கிரஹாமின் பெரும் கூட்டங்களில் மேடைக்கு முன்னால் வந்து தங்களை ஒப்புக்கொடுத்தவர்களைப் பிறகு யார் கவனிப்பது என்ற கேள்விக்கு அவர்தான் வழி வகுத்துக் கொடுத்தார். ராணுவ வீரர்களிடையே வளர்ந்த ஓர் ஊழியம் ராணுவ ஊரில் வந்து தங்கியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் விளைவு தற்செயலானது அல்ல. உடற்பயிற்சி போல வேத தியானத்தையும் ஒழுங்காகச் செய்கிற, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாறுகிற, போகும் இடமெல்லாம் ஒரு சிறு குழுவைத் தொடங்குகிற மனிதர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். ஓய்வு பெற்ற அதிகாரிகள் பலர் ஊழிய அலுவலகங்களில் நிர்வாகிகளாக ஆனார்கள்.

1980-இல் ஏழைக் குழந்தைகளுக்கு ஆதரவாளர்களைத் தேடித் தரும் 'கம்பாஷன் இன்டர்நேஷனல்' சிகாகோவிலிருந்து வந்தது. அதுவரை இது ஒரு சிறு கொத்து. ஊரில் பலருக்கு இவர்கள் இருப்பதே தெரியாது.

காலி வீடுகளின் ஊர்

1980-களின் நடுவில் ஊர் அளவுக்கு மீறிக் கனவு கண்டது. ரேகனின் விண்வெளிப் பாதுகாப்புத் திட்டம், ஃபால்கனில் 1985-இல் வந்த புதிய விமானப்படை நிலையம், வரப்போவதாகச் சொன்ன மின்னணு நிறுவனங்கள் எல்லாவற்றையும் நம்பி அலுவலகக் கட்டடங்களையும் குடியிருப்புகளையும் கட்டித் தள்ளினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு வேலைகள் வரவில்லை. சேமிப்புக் கடன் நிறுவனங்கள் நாடு முழுக்கக் கவிழ்ந்தபோது இங்கே அடி பலமாக விழுந்தது. தவணை கட்ட முடியாமல் வங்கி எடுத்துக்கொண்ட வீடுகள் தெருவுக்குத் தெரு நின்றன. பளபளவென்று புதிதாக நின்ற அலுவலக மாடிகளில் வாடகைக்கு ஆள் இல்லை.

அந்த நேரத்தில் நகரத்தின் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தில் இருந்தவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். தொழிற்சாலை வர மறுக்கிறது. ஊழியம் வந்தால் என்ன? புகை இல்லை, கழிவு இல்லை. நாடெங்கிலும் இருந்து காணிக்கை வரும், செலவு இங்கே நடக்கும். அதாவது வெளியூர்ப் பணம் உள்ளூர்ச் சம்பளமாக மாறும். பொருளாதாரத்தின் கண்ணில் ஓர் ஊழியத் தலைமையகமும் ஏற்றுமதித் தொழிற்சாலையும் ஒன்றுதான்.

ஊழியங்களின் பக்கமும் கணக்கு சரியாகப் பொருந்தியது. தெற்குக் கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கைச் சுற்றியும் வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. ஊழியச் சம்பளத்தில் அங்கே ஒரு குடும்பம் வீடு வாங்குவது நடக்காத காரியம். இங்கே அதே சம்பளத்தில் தோட்டத்தோடு வீடு, ஜன்னலைத் திறந்தால் மலை. நேரமும் ஒத்துவந்தது: நியூயார்க்கைவிட இரண்டு மணி நேரம் பின்னால், லாஸ் ஏஞ்சலஸைவிட ஒரு மணி நேரம் முன்னால். காலையிலிருந்து மாலைவரை இரு கரைக்கும் தொலைபேசி எடுக்கலாம்.

1988-இல் இன்டர்நேஷனல் பைபிள் சொசைட்டி நியூ ஜெர்சியிலிருந்து வந்தது. 1809-இல் தொடங்கிய அமைப்பு. அமெரிக்கச் சபைகளில் மிகப் பரவலாகப் புழங்கும் 'நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்' (என்.ஐ.வி.) என்ற ஆங்கில வேதாகமத்தின் பதிப்புரிமை அதனிடம் இருந்தது. அடுத்த ஆண்டு 'கிறிஸ்டியன் அண்ட் மிஷனரி அலையன்ஸ்' என்ற முழு சபைப்பிரிவே நியூயார்க் மாநிலத்தின் நயாக்கிலிருந்து தலைமையகத்தை மாற்றிக்கொண்டது.

1990-இல் உள்ளூர் அறக்கட்டளையான எல் போமார், ஃபோகஸ் ஆன் த ஃபேமிலிக்கு 40 லட்சம் டாலர் தர முடிவு செய்தது. எல் போமார் மத நிறுவனம் அல்ல. சுரங்கத்திலும் பிராட்மூர் ஹோட்டலிலும் செல்வம் சேர்த்த ஸ்பென்சர் பென்ரோஸும் அவர் மனைவி ஜூலியும் 1937-இல் நிறுவியது. இந்தக் காசோலையைத்தான் பலரும் திருப்புமுனை என்கிறார்கள், நானும் அப்படியே பார்க்கிறேன். காரணம் தொகை மட்டும் அல்ல. ஊரின் பழைய பணக்காரக் குடும்பத்துப் பணம் பின்னால் நிற்கிறது என்று தெரிந்ததும், இடம் மாறலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த மற்ற ஊழியங்களின் தயக்கம் தீர்ந்தது. ஒலிபரப்பு ஊழியம், கிறிஸ்தவப் பள்ளிகளின் சங்கம், ஞாயிறு பள்ளிப் பாடப்புத்தகம் போடும் பதிப்பகம் என்று அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் வந்தவை ஏராளம்.

ஒரு கொத்து ஓர் அளவைத் தாண்டிவிட்டால் பிறகு யாரும் கூப்பிட வேண்டியதில்லை. கணவருக்கு ஓர் ஊழியத்தில் வேலை கிடைத்தால் மனைவிக்கு இன்னொன்றில் கிடைக்கும். காணிக்கைக் கடிதம் அச்சடிக்கத் தெரிந்த அச்சகம், நன்கொடைச் சட்டம் தெரிந்த வக்கீல், வேதாகம அச்சுக்கேற்ற எழுத்துக்கோப்பாளர் எல்லோரும் அரை மணி நேரத் தொலைவில் கிடைப்பார்கள். ஓர் ஊழியத்தில் மனக்கசப்பு வந்தால் வீட்டை விற்காமலே அடுத்த ஊழியத்துக்குப் போகலாம்.

ஒரு கடிதத்தின் வழி

இந்த வேலை உண்மையில் எப்படி நடந்தது என்பதை ஒரு கடிதத்தின் பின்னாலேயே போனால் புரியும். குழந்தை உளவியலாளரான ஜேம்ஸ் டாப்சன் 1977-இல் தொடங்கியது ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி ஊழியம். தினம் அரை மணி நேர வானொலி நிகழ்ச்சிதான் அதன் உயிர். எங்கோ ஒரு வீட்டில், பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு தாய் அதைக் கேட்கிறார். பதினைந்து வயது மகன் பேசுவதை நிறுத்திவிட்டான். யாரிடம் சொல்வது? சமையலறை மேசையில் உட்கார்ந்து, முகம் தெரியாத டாப்சனுக்கு நான்கு பக்கம் எழுதுகிறார்.

கடிதம் 80995-க்கு வருகிறது. உறை பிரிக்கப்படுகிறது. ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் படிக்கிறார். படிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பிள்ளை வளர்ப்பா, மணமுறிவா, துக்கமா என்று வகை பிரித்து, அதற்கேற்ற பதிலும் ஒரு கையேடும் ஓர் ஒலிநாடாவும் புறப்படுகின்றன. தற்கொலை எண்ணமோ அடி உதையோ தெரிந்தால் பயிற்சி பெற்ற ஆலோசகரின் மேசைக்குப் போகிறது. அந்தத் தாயின் பெயர் முகவரிப் பட்டியலில் ஏறுகிறது. மாதம் ஒரு பத்திரிகை போகும், கூடவே காணிக்கை உறையும். பிறகு ஒரு கோடை விடுமுறையில் அந்தக் குடும்பம் காரில் கிளம்பி வந்து வளாகத்தைப் பார்க்கும். பார்வையாளர் மையத்தில் மூன்று மாடி உயரச் சறுக்குமரமும், வானொலி நாடகத்தில் குழந்தைகள் கேட்டுப் பழகிய 'விட்ஸ் எண்ட்' கடையும் நிஜமாகவே கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.

அந்தத் தாய்க்கு வந்த பதில் கடிதம் உண்மையான ஆறுதல். நம்பாதவர்கள் இதைக் கேலி செய்வது எனக்குப் பிடிப்பதில்லை. அதே சமயம், அந்த முகவரிப் பட்டியல் ஒரு வாக்காளர் பட்டியலாகவும் மாறக்கூடியது. ஒரு மசோதாவைப் பற்றி வானொலியில் ஒரு நாள் பேசினால், மறுநாள் வாஷிங்டன் அலுவலகங்களில் தொலைபேசி ஓயாமல் அடித்தது. ஆறுதலும் அரசியலும் ஒரே அஞ்சல் அறையிலிருந்து புறப்பட்டன.

1992-இன் வாக்குச்சீட்டு

அந்த ஆண்டு நவம்பரில் கொலராடோ வாக்காளர்களின் முன்னால் மாநில அரசியல் சட்டத்துக்கான இரண்டு திருத்தங்கள் இருந்தன. இரண்டுக்கும் வேர் கொலராடோ ஸ்பிரிங்ஸ். ஒன்று, வாக்காளர் சம்மதம் இல்லாமல் வரி உயர்த்தக் கூடாது என்னும் 'டேபர்' திருத்தம். டக்ளஸ் புரூஸ் என்ற உள்ளூர்க்காரர் கொண்டுவந்தது. மற்றது இரண்டாம் திருத்தம். ஓரினச்சேர்க்கையாளர்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை மாநிலத்தின் எந்த நகரமும் இயற்றக் கூடாது. டென்வர், போல்டர், ஆஸ்பென் நகரங்கள் இயற்றியதும் செல்லாது. அதை முன்னெடுத்த 'கொலராடோ ஃபார் ஃபேமிலி வேல்யூஸ்' இந்த ஊரில் பிறந்தது. 53 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்கு வாங்கி வென்றது.

நாடு முழுக்க எதிர்ப்பு. 'வெறுப்பு மாநிலம்' என்று பெயர் வைத்து, கொலராடோவைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1996-இல் ரோமர் எதிர் எவன்ஸ் தீர்ப்பில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் திருத்தம் செல்லாமல் போனது.

அந்தத் திருத்தத்தை எழுதியவர்கள் ஊழியத் தலைமையகங்கள் அல்ல, ஊர்க்காரர்கள். டாப்சன் ஆதரவு கொடுத்தார். ஆனால் குழந்தை ஆதரவுக் கடிதம் அனுப்பும் அமைப்பும், வேதாகமம் மொழிபெயர்க்கும் அமைப்பும், வாய் திறக்காத பல ஊழியங்களும் வெளியுலகுக்கு ஒரே ஆளாகத் தெரிந்தன. மையமாவதில் யாரும் முன்கூட்டிக் கணக்கில் சேர்க்காத விலை இது: சத்தமாகப் பேசுபவரின் குரல் எல்லோருக்கும் முகவரியாகிவிடுகிறது. அந்த ஊரிலேயே வாழ்ந்த ஓரினச்சேர்க்கையாளர்கள் கொடுத்த விலையோ இதைவிடப் பன்மடங்கு. தன் அண்டை வீட்டார் தனக்கு எதிராக வாக்களித்திருக்கக்கூடும் என்று தெரிந்துகொண்டே அவர்களுக்கு வணக்கம் சொல்லி வாழ வேண்டியிருந்தது.

மென்பொருள் தொழிலில் பணம் சேர்த்த டிம் கில் இந்தத் திருத்தத்துக்குப் பிறகு 1994-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அதன் வழியாக இதே ஊரின் கலை, வானொலி, சமூகப் பணிகளுக்கு ஓரினச்சேர்க்கையாளர் நிதி என்ற பெயரிலேயே நன்கொடை போனது. அறக்கட்டளைப் பணத்தால் நேர்ந்ததற்கு அறக்கட்டளைப் பணத்தாலேயே பதில்.

அதே 1996-இல், சபைகளுக்கும் பெரும்பாலான லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் இருந்த சொத்துவரி விலக்கை நீக்க வேண்டும் என்று இவ்வூர் வக்கீல் ஒருவர் கொண்டுவந்த திருத்தத்தை மாநில மக்கள் பெருவாரியாகத் தோற்கடித்தார்கள்.

சபையும் அகாடமியும்

தலைமையகங்கள் வந்த அதே காலத்தில் ஊருக்குள் பெரிய சபைகளும் வளர்ந்தன. டெட் ஹேகர்ட் 1980-களின் நடுவில் தன் வீட்டின் அடித்தளத்தில் தொடங்கிய 'நியூ லைஃப்' சபை 14,000 உறுப்பினர் அளவுக்குப் பெருத்தது. 2003-இல் அவர் தேசிய சுவிசேஷகர் சங்கத்தின் தலைவரானார். 2006 நவம்பரில், ஓர் ஆணுடனான பாலுறவும் போதைப்பொருளும் பற்றிய குற்றச்சாட்டு வெளிவந்து பதவிகளை இழந்தார். அவர் விழுந்தும் சபை கலைந்துவிடவில்லை. ஒரு மனிதரைச் சுற்றி எழுந்தது என்று எல்லோரும் நினைத்த சபைக்குள் சிறு குழுக்களின் பின்னல் இருந்தது.

அகாடமி விஷயம் இன்னும் நுட்பமானது. 1962-இல் கட்டி முடித்த அதன் ஆராதனைக் கட்டடம், 17 கூர்முனைகள் வரிசையாக வானைக் குத்துவதுபோல நிற்பது, அமெரிக்க நவீனக் கட்டடக்கலையின் சின்னம். அதில் பிராட்டஸ்டன்ட், கத்தோலிக்க, யூத ஆராதனைக்குத் தனித்தனி இடங்கள் உண்டு. கட்டியவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் 2004-இல் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வீரர்களின் உடைமாற்று அறையில் 'இயேசு கிறிஸ்துவின் அணி' என்று பதாகை தொங்கவிட்டார். யூத மாணவர்களும் மதம் சாராதவர்களும் தங்கள்மேல் அழுத்தம் இருப்பதாகப் புகார் செய்தார்கள். 2005-இல் விமானப்படையின் விசாரணை, வெளிப்படையான பாகுபாடு இல்லை என்றும், பிறர் நம்பிக்கையைப் பற்றிய உணர்வின்மை இருந்தது என்றும் சொன்னது. மேலதிகாரி ஒருவர் ஜெபத்துக்கு அழைத்தால் பதினெட்டு வயது மாணவன் அதை அழைப்பாக எடுப்பானா, உத்தரவாக எடுப்பானா?

வந்ததும் போவதும்

அஞ்சலும் வானொலியும் கட்டிய மையத்தை இணையம் தளர்த்தியது. 2008-இல் ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி சுமார் 200 பேரை வேலையிலிருந்து எடுத்தது. டாப்சன் விலகினார், பின்வந்த ஜிம் டேலி குரலைத் தாழ்த்திப் பேசினார். அலையன்ஸ் சபைப்பிரிவு ஒஹாயோவுக்குக் கிளம்பிப் போய்விட்டது. கம்பாஷன் மட்டும் பெருத்துக்கொண்டே போனது. 2017-இல் இந்திய அரசின் அயல்நாட்டு நிதிக் கட்டுப்பாட்டால் அது இந்தியாவை விட்டு வெளியேறியபோது இந்தியாவில் சுமார் 1,45,000 குழந்தைகள் அதன் ஆதரவில் இருந்தார்கள். கடிதம் எழுதிப் பழகிய குழந்தைகளுக்கு அந்தப் பக்கம் திடீரென்று மௌனமானது.

ஊர் வளர்ந்தது. 1990-இல் 2,81,140 ஆக இருந்த மக்கள்தொகை 2020-இல் 4,78,961. புதிதாக வந்தவர்களில் பலருக்கு 80995 என்ற எண் ஒன்றும் சொல்லாது. 2022 நவம்பரில் 'கிளப் கியூ' என்ற ஓரினச்சேர்க்கையாளர் இரவு விடுதியில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நாடு மறுபடியும் 1992-ஐப் பற்றிப் பேசியது. ஃபோகஸ் வளாகத்தின் பெயர்ப்பலகையில் யாரோ வண்ணத்தால் பழி எழுதினார்கள். இறந்தவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவர்களில் சபைக்காரர்களும் இருந்தார்கள்.

ஆறு மாதம் கழித்து, 2023 மே மாதம், மேயர் தேர்தல். கட்சி சாராமல் நின்ற யெமி மொபொலாடே வென்றார். நைஜீரியாவில் பிறந்தவர், அந்நகரம் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின மேயர், உள்ளூரில் இரண்டு காபிக் கடைகளைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2010-இல் அவர் அந்த ஊருக்கு வந்தது ஒரு சபையைத் தொடங்க.